ஏணியை எடுத்தவள்

டொசிந்தா பேரை எடுத்தால் எங்கள் ஊரில் இன்றைக்கும் பேச்சு ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி ஓடும். சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அவளோடு ஒரே மணல்திட்டில் குனிந்து மட்டி தோண்டியவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது முழங்கால் உயரக் கல்சுவர் ஒன்றுதான். அன்றைக்கு நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவள் குடாவுக்கு நடுவில் இருக்கும் தீவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். தீவுக்காரிகளுக்கே உரிய பெரிய தொண்டை. கடல் வற்றி மணல் தெரிந்ததும் நாங்கள் இருபது முப்பது பெண்கள் தொடைவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாரியும் வாளியுமாக இறங்குவோம். ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போகும். அப்போது பார்த்து டொசிந்தா ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவாள்.

"ஏய் பல்பினா, உன் புருஷன் ராத்திரி எல்லாம் இருமுறான். எனக்கே தூக்கம் இல்ல. நீ எப்படிடி தூங்குற?"

"காதுல பஞ்சு வச்சுக்கிறேன்" என்பேன் நான்.

"பஞ்ச அவன் வாயில வை. ஊரே தூங்கட்டும்."

மணல்திட்டு முழுக்கச் சிரிக்கும். குளிர் கொஞ்சம் விட்டதுபோல இருக்கும்.

அவள் புருஷன் எலாடியோ அதிகம் பேசாதவன். அவனும் தம்பி செகுந்தினோவும் அப்பன் விட்டுப்போன திராட்சைப் பந்தலைப் பிரித்துக்கொள்ளவே இல்லை. கருங்கல் தூண்களின் மேல் கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கொடி படர்த்தியிருந்தார்கள். எல்லாம் அல்பரீஞோ என்கிற திராட்சை வகை. சின்னக் கொத்து, தடித்த தோல். எங்கள் ஊர் மழைக்கு வேறு எந்தத் திராட்சையும் அழுகிப்போகும். இதுவுமே பூஞ்சணத்துக்குத் தப்பாது. கோடை முழுக்க எலாடியோ முதுகில் தெளிப்பானோடு மயில்துத்தம் அடிப்பான். அவன் தொப்பி, சட்டை, நகக்கண் எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும்.

வசந்தம் வந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் பிரிஞ்சி மரக்கிளை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஒயின் தயார், வரலாம் என்று அர்த்தம். ஒயின் கிடங்கின் முன்பக்கம் பலகைகளைப் போட்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். டொசிந்தா காலையில் தோண்டிய மட்டியை வெங்காயமும் பூண்டும் போட்டு, கொஞ்சம் அதே ஒயினை விட்டு வேகவைத்து ஓடு திறக்க வைப்பாள். செகுந்தினோவின் மனைவி டெல்மிரா மக்காச்சோள மாவில் சிறுமட்டி அடைத்த அடை சுட்டு எடுப்பாள். அந்த அடைக்காகவே மேட்டு ஊர்களிலிருந்து ஆள் வரும். ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பில் நின்று, ஒருத்தி குறையை ஒருத்தி சொல்லிக்கொண்டே சமைப்பார்கள்.

"அக்கா, மட்டியில மண்ணு கடிக்குதுன்னு அந்த டேபிள்ல சொல்றாங்க."

"உன் அடை தொண்டையில அடைக்குதாம். ஒயின் விட்டுத்தான் எறக்குறாங்களாம். அதான் நமக்கு யாவாரம் நல்லா நடக்குது. அப்படியே சுடு."

ஒரு தடவை மாட்ரிட்காரர் ஒருவர் சிப்பித் தட்டின் மேல் எலுமிச்சை பிழியப் போனார். வாயே திறக்காத எலாடியோ எழுந்து போய் அவர் கையிலிருந்த பழத்தை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"மொதல்ல ஒரு வாய் குடிங்க சார். அப்புறமும் எலுமிச்சை வேணும்னு தோணுச்சுன்னா தாரேன்."

அவர் குடித்தார். ஜில்லென்ற புளிப்பு, பச்சை ஆப்பிளின் மணம், கடைசியில் நாக்கோரத்தில் கடல் உப்பின் சாயல். பழத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை.

"உப்பு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க" என்று செகுந்தினோ ஆரம்பித்தான். "அமாவாசைக்கு அமாவாசை கொடிக்குக் கடல் தண்ணி ஊத்துறோம்."

"இவன் பொறந்தப்பவே இவங்கம்மா இவனக் கடல்ல தூக்கிப் போட்டாங்க சார்" என்றாள் டொசிந்தா. "கடல் வேண்டாம்னு திருப்பிக் குடுத்துருச்சு."

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் செகுந்தினோதான். அவன் அப்படிப்பட்டவன்.

பிறகு எங்கள் ஒயினுக்கு அரசு முத்திரை கிடைத்தது. எங்கெங்கிருந்தோ ஆள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். இருக்கிற தொட்டிகள் போதாது, கிடங்குத் தரையைத் தோண்டி சிமெண்டில் ஒரு தொட்டி கட்டிவிடலாம் என்றவன் செகுந்தினோ. எலாடியோவுக்கு மனமில்லை, ஆனாலும் தம்பி சொல்லைத் தட்டவில்லை. அந்தக் கோடையில் இருவருமாகத் தோண்டிக் கட்டினார்கள். இரண்டு ஆள் ஆழம், மேலே ஒரு சதுர வாய். உள்ளே இறங்க மர ஏணி.

செப்டம்பர் அறுவடை. நல்ல வெயில் வருஷம். பழைய தொட்டிகளில் சாறு ஊற்றிப் பொங்கத் தொடங்கியிருந்தது. பொங்குகிற சாற்றிலிருந்து ஒரு காற்று வரும். நிறம் கிடையாது, பெரிதாக வாசமும் கிடையாது, மூச்சுக்கு மட்டும் ஆகாது. கனமான காற்று என்பதால் தண்ணீர்போலப் பள்ளம் தேடி இறங்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குள் இறங்குமுன் எலாடியோ எப்போதும் கயிற்றில் மெழுகுவர்த்தி கட்டி இறக்கிப் பார்ப்பான். அணைந்தால் இறங்க மாட்டான்.

அன்றைக்குப் பார்க்கவில்லை. புதுத் தொட்டியில் இதுவரை ஒரு சொட்டுச் சாறுகூட ஊற்றியதில்லை. காலையில் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தான். குழாயின் முனை வடிகட்டி கழன்று உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்க இறங்கியிருக்கிறான். பக்கத்துத் தொட்டிகளின் காற்று தரையோடு ஊர்ந்து வந்து அந்தக் குழியை நிரப்பி வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது.

டொசிந்தா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தாள். கூப்பிட்டும் பதில் இல்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தாள். எலாடியோ குப்புறக் கிடந்தான்.

அவள் போட்ட சத்தத்தில் பந்தலுக்கடியில் பழம் வெட்டிக்கொண்டிருந்த செகுந்தினோ கத்தரியை எறிந்துவிட்டு ஓடி வந்தான். பின்னாலேயே அவள் மகன் அமாரோ. வாட்டசாட்டமான பையன், பட்டாளத்துச் சேவை முடித்து அப்போதுதான் வந்திருந்தான்.

"எறங்காத! செகுந்தினோ, எறங்காதடா, காத்து இருக்கு!" என்று அவள் கத்தினாள்.

அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினான். குனிந்து அண்ணனின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்க முடியாதில்லையா? அசந்துபோன ஆள் உட்காருவதுபோல அப்படியே அண்ணன் மேல் உட்கார்ந்தான். பிறகு ஏணிப்பக்கம் சாய்ந்தான்.

அமாரோ ஏணியில் கால் வைத்துவிட்டான். டொசிந்தா அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஏணியிலிருந்து பின்னால் இழுத்துவிட்டாள். காலர் கிழிந்தது. அவன் அவளைத் தள்ளிவிட்டான். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை, விழுந்த வாக்கிலேயே ஏணியின் தலையைப் பிடித்து இழுத்து மேலே எடுத்துவிட்டாள். இரண்டு ஆம்பிளைகள் தூக்குகிற ஏணி அது. அமாரோ குதிக்கப் போனான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டாள். அவன் அடித்தான். பெற்றவளை முகத்தில் அடித்தான். அவள் விடவில்லை. அவன் கையைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

நானும் என் புருஷனும் சுவர் தாண்டி ஓடியபோது பார்த்தது அதைத்தான். அம்மாவும் மகனும் ரத்தமாகத் தரையில் கிடந்தார்கள். ஏணி குறுக்கே கிடந்தது. ஆட்கள் சேர்ந்து, நல்ல காற்று உள்ளே வரக் கதவு ஜன்னல்களைப் பெயர்த்தார்கள். கயிற்றில் சுருக்குப் போட்டு மேலிருந்தே செகுந்தினோவின் கையில் மாட்டி இழுத்தார்கள். எலாடியோவைத் தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கித்தான் எடுத்தார்கள். இருவருக்கும் உயிர் இல்லை.

டெல்மிரா அடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள். மாவுக் கையோடு வந்து நின்றாள். முதலில் புருஷனைப் பார்த்தாள். அடுத்து ஏணியைப் பார்த்தாள்.

அடக்கத்தன்று கல்லறைச் சுவரோரம் எல்லோர் முன்னாலும் அவள் கேட்டாள்.

"அக்கா, ஏணிய யார் எடுத்தா?"

"நான்தான்."

"அவர் உள்ள இருக்கும்போதா?"

"ஆமா."

"உயிரோட இருந்தாரா?"

டொசிந்தாவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "தெரியாது டெல்மிரா."

"உன் புள்ளைய நீ காப்பாத்திக்கிட்ட. என் புருஷன் மேல ஏறி வர வழிய எடுத்துட்ட. எனக்குப் புள்ளையும் இல்ல. அவர் ஒருத்தர்தான் இருந்தார்."

டொசிந்தா மறுக்கவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் மறுக்கவில்லை. நகரத்து டாக்டர், பெரியவர் முன்பே போயிருப்பார் என்றார். சின்னவரைப் பற்றிக் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். அவர் மட்டும் வேறு மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ மிச்சமாகியிருக்கும். ஆனால் தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்?

ஊர் இரண்டாகப் பிரிந்தது. மணல்திட்டிலும் அப்படித்தான். டெல்மிரா ஒரு கோடியில், டொசிந்தா மறுகோடியில். நடுவில் நாங்கள் வாய்மூடிக் குனிந்திருந்தோம். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு அதன்பின் வரவில்லை.

பழைய தொட்டிகளில் சாறு தன்பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. அமாரோ கோடாலியோடு வந்து நின்றான்.

"ஒடச்சு ஊத்தப் போறேன்."

"ஊத்திட்டா?"

"ஊத்திட்டா என்னவா? அப்பாவும் சித்தப்பாவும் செத்த காத்தும்மா இது. இத வித்துத் தின்னணுமா நாம?"

"பாதி டெல்மிராவோடது. அத ஊத்த உனக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல."

அவன் கோடாலியைப் போட்டுவிட்டுப் போனான். கதவில்லாத கிடங்கில் நானும் அவளுமாகச் சாற்றைக் கவனித்தோம். அவள் கை வேலை செய்யும், கண் புதுத் தொட்டிப் பக்கம் போகாது. அந்த ஒயினை ஊரில் யாரும் தொடவில்லை. வெளியூர் ஆள் ஒருவர் வந்து மொத்தமாக எடுத்துப்போனார். இத்தனை நல்ல ஒயின் தான் குடித்ததே இல்லை என்று அவர் சொன்னார். டொசிந்தா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வசந்தத்தில் வாசலில் கிளை கட்டவில்லை. பிறகும் எந்த வசந்தத்திலும் கட்டவில்லை.

அமாரோ அயர்லாந்துக் கடலுக்குப் போகிற பெரிய மீன்பிடிக் கப்பலில் ஏறிவிட்டான். வருஷக்கணக்கில் வரவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தான். நரைத்திருந்தான், அப்பனைப்போலப் பேச்சு குறைந்திருந்தது. டொசிந்தா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மகனோடு தனியாக உட்கார அவளுக்குப் பயம் என்று நினைக்கிறேன். மட்டி, அவித்த பேய்க்கணவாய், ரொட்டி. மேஜையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் அவன் கரண்டியை வைத்தான்.

"அம்மா, நீ ஏணிய இழுத்தப்போ சித்தப்பா கை அதுல இருந்துச்சா?"

நான் எழப் போனேன். டொசிந்தா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் பாக்கல."

"எப்படிம்மா பாக்காம இருப்ப?"

"நான் உன்னத்தான்டா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு கரண்டியை எடுத்து மிச்சத்தைச் சாப்பிட்டான். மறுநாள் கூரை ஓட்டைச் சரிசெய்து கொடுத்தான். அதற்கு மறுநாள் கப்பலுக்குப் போனான். அதிலிருந்து கரைக்கு வரும்போதெல்லாம் வருவான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. வருவான், அவ்வளவுதான்.

டொசிந்தா பைத்தியம் பிடித்தவள்போல ஒரு வேலையை ஆரம்பித்தது அமாரோ கப்பலேறின அந்த வருஷத்திலேயே. செப்டம்பர் வந்தால் மட்டி தோண்டிவிட்டு ஈரப் பூட்ஸோடு வீடு வீடாகக் கிளம்புவாள். யார் கிடங்கில் சாறு பொங்குகிறதோ அங்கே கேட்காமல் நுழைவாள். ஜன்னலைத் திறப்பாள். குழி எங்கே, தொட்டி வாய் எங்கே என்று தேடி மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பாள். அணைந்தால் அந்த வீட்டு ஆண்களை நிற்க வைத்துத் திட்டுவாள்.

யாருக்குப் பிடிக்கும்? சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். குருடிபோல மெழுகுவர்த்தியோடு அலைகிறாள் என்று குடிக்கிற இடங்களில் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். ஆற்றங்கரைக் கலிஸ்தோ ஒரு தடவை வாசலிலேயே மறித்தான்.

"எங்க வீட்டுக்கு எழவு கொண்டு வராத. போ."

"எறக்கிப் பாத்துட்டுப் போறேன்."

"எங்க தாத்தா காலத்துலேருந்து இங்க ஒயின் பொங்குது. யாரும் சாகல."

"எங்க வீட்டுலயும் அதுவரைக்கும் யாரும் சாகல கலிஸ்தோ. நீ திட்டு. திட்டிக்கிட்டே கொஞ்சம் தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சுடர் அணையவில்லை. அதை வைத்தும் அவன் ஊரெல்லாம் சிரித்தான்.

இதனால் யாராவது பிழைத்தார்களா என்று கேட்டால் எப்படிச் சொல்வது? சாகாதவர்களைக் கணக்கெடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு தொட்டியில் யாரும் விழவில்லை. அவளால்தானா என்று யாருக்குத் தெரியும்?

மூன்று வருஷத்துக்கு முன், அறுவடைக்குச் சற்று முன்னால், பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அறுவைசிகிச்சை முடிந்து வீட்டில் படுக்க வைத்தார்கள். வலியைவிட அவளை வாட்டியது செப்டம்பர்தான். ஜன்னல் வழியாகத் திராட்சை வண்டிகள் போகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்காரப் பார்ப்பாள்.

"பல்பினா, நீ ஒரு நடை போய்ட்டு வாடி."

"சரி, போறேன். நீ படு."

நான் என் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினேன். முதலில் கலிஸ்தோ வீடு. கிடங்கு வாசலில் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே தொட்டி வாயருகே முழங்கால் போட்டுக் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தவள் டெல்மிரா.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். தலை முழுக்க வெளுத்து, முதுகு வளைந்திருந்தது.

"என்ன பாக்குற?"

"இல்ல... டொசிந்தா என்ன அனுப்புனா."

"என்ன யாரும் அனுப்பல." கயிற்றை மேலே இழுத்தாள். திரியில் சுடர் இல்லை, புகை மட்டும் வந்தது. கலிஸ்தோவிடம் அதைக் காட்டினாள். "பாத்தியா? நாளைக்குக் காலையில உன் மகன இதுக்குள்ளதான எறக்கப்போற? கதவையும் ஜன்னலையும் தெறந்து வை. காத்தாடி வாங்கிட்டு வந்து வை. நான் மறுபடி வருவேன்."

அவன் போய்க் கதவை அகலத் திறந்து வைத்தான். செகுந்தினோவின் பெண்டாட்டியிடம் எந்த வாயால் பேசுவான்?

வெளியே வந்தபோது கேட்டேன். "டெல்மிரா, அவகிட்ட சொல்லட்டுமா?"

"உன் இஷ்டம்."

"நீயே ஒரு நடை வந்து..."

"வர மாட்டேன்" என்றாள். அதில் கோபம் இல்லை. "அது வேற, இது வேற. தொட்டி கட்டலாம்னு சொன்னது எங்க வீட்டு ஆளு பல்பினா. அது எனக்கு எப்பவும் தெரியும். அதுக்காக அவ மூஞ்சியில முழிக்க என்னால முடியாது." மண்பாதையில் அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் திரும்பி வந்து டொசிந்தாவிடம் சொன்னேன். யார் என்று மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். போர்வைக்குள் தோள் குலுங்கியது. நான் சமையலறைக்குப் போய் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.

கிண்ணத்தை வாங்கும்போது அவள் குரல் தெளிவாக இருந்தது.

"சர்ச்சுக்குப் பின்னாடி அந்த ரெண்டு அண்ணன் தம்பி வீடு இருக்கு இல்ல? அங்க பழைய குழி ஒண்ணு இருக்கு, பலகை போட்டு மூடியிருப்பானுங்க. அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்ச் சொல்லு."

"இப்பவேவா? சூப்பக் குடி மொதல்ல."

"நான் குடிச்சுக்குவேன். நீ போடி. பலகை மேல கால வச்சுறப்போறா."

நான் போனேன். டெல்மிரா அந்த வீட்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. பலகையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் பிடி" என்று என்னிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். இருவருமாகத் தூக்கி நகர்த்தினோம்.

டொசிந்தா இப்போது கோலூன்றி நடக்கிறாள். மணல்திட்டுக்கு இறங்குவதில்லை. செப்டம்பரில் கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு அவள் போகிறாள், மேட்டு வீடுகளுக்கு டெல்மிரா போகிறாள். யாரும் பேசிப் பிரித்துக்கொண்டதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகிறார்கள்.